படத்தில் இருப்பவருக்கும் பங்கு உண்டு

விடுமுறையில் அயல்நாடு சென்று சில வாரங்கள் தொண்டு செய்துவிட்டு வருவது இன்று பல நாடுகளின் கல்லூரி மாணவர்களிடையே பரவியிருக்கும் வழக்கம். பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பது, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது, கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவது என்று வேலை எதுவாக இருந்தாலும், படம் எடுப்பதும் அதை அன்றைக்கே நாலு பேர் பார்க்கப் பகிர்வதும் கூடவே நடக்கின்றன. பயணத்தின் செலவுக்கு உதவியவர்களுக்குக் கணக்குச் சொல்லவும், வீட்டாருக்கு நலம் தெரிவிக்கவும், அடுத்த ஆண்டு ஆள் சேர்க்கவும் அந்தப் படங்கள் பயன்படுகின்றன. அவற்றில் முகம் காட்டி நிற்கும் உள்ளூர்க்காரரோ தம் படம் எங்கே போனது, அதன் கீழே என்ன எழுதப்பட்டது என்பதைப் பெரும்பாலும் அறிவதே இல்லை.

இந்த வழக்கத்தில் சென்னைக்கு இரண்டு பக்கமும் தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948-இல் ஐரோப்பிய மாணவர்கள் தொடங்கிய ஐசெக் அமைப்பு, 18 முதல் 30 வயது வரையிலான இளைஞர்களை ஆறு, எட்டு வாரத் தொண்டுப் பணிகளுக்கு நாடுவிட்டு நாடு அனுப்புகிறது. அதன் வழியே வெளிநாட்டு மாணவர்கள் சென்னைக்கு வருகிறார்கள். சென்னை மாணவர்கள் பிற நாடுகளுக்குப் போகிறார்கள். காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமோ கல்லூரி மாணவர்களை அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கும் குடிசைப் பகுதிகளுக்கும் ஏழு நாள் முகாமாக அழைத்துப் போகிறது. தூரம் வேறானாலும் படம் எடுக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்.

வந்தவர் எடுத்த படம்

வெளியூர்க்காரர் கேமராவோடு வந்து துன்பத்தைப் படம்பிடிப்பது சென்னைக்குப் புதிதல்ல. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தின் போது, மதராஸ் குதிரைப்படை அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர் பஞ்சத்தில் அடிபட்டவர்களைப் படம் எடுத்தார். எலும்பும் தோலுமாக இருந்த குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் எடுக்கப்பட்ட படங்கள் அவை. பஞ்சத்தின் கொடுமைக்கு இன்றளவும் அவையே முக்கியமான காட்சிச் சான்று. அதே சமயம், பட்டினியில் சாகிறவர்களை அலங்கரித்து அமர்த்துவதுபோல அமர்த்திப் படம் எடுத்தார், அவர்களுக்கு எந்த உதவியும் செய்யவில்லை என்ற கண்டனமும் அவர்மேல் எழுந்தது. பின்னர் 1886-இல் பர்மாவின் மாந்தளையில், துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்படவிருந்த கைதிகளைச் சுடும் நொடியில் படம் எடுக்க முயன்றதற்காக அவர் விசாரணையைச் சந்திக்க நேர்ந்தது. பஞ்சப் படங்களை எடுத்தவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அவற்றில் இருப்பவர்களின் பெயர்கள் பதிவாகவில்லை.

அதற்கு முந்தைய ஒரு பஞ்சத்தின் தடமும் வட சென்னையில் உண்டு. ராயபுரத்தை ஒட்டிய மணியக்காரர் சத்திரம் 1782-இன் பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம். அதன் வழியே வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வட சென்னையின் முதியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். கஞ்சி வாங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கட்டிய பகுதி என்றுகூட வட சென்னையைச் சொல்லலாம். உதவி வாங்கும் கையாக மட்டும் அதைப் படம்பிடிக்கும் பழக்கம் ஹூப்பர் படம் எடுத்த பஞ்சக் காலத்திலிருந்தே தொடர்கிறது.

1961-இல் அமெரிக்கா தொடங்கிய பீஸ் கோர் அமைப்பின் இளம் தொண்டர்கள் அதே ஆண்டிலேயே இந்தியாவுக்கு வரத் தொடங்கினார்கள். 1976 வரை அந்தப் பணி நீடித்தது. அன்றைய படச்சுருளில் முப்பத்தாறு படம்தான். கழுவிக் கையில் கிடைக்கப் பல வாரம் ஆகும். ஊர் திரும்பியபின் திரையில் ஸ்லைடுகளாகப் போட்டுக் காட்டினால் பார்ப்பவர்கள் உறவினர்களும் நண்பர்களுமாகச் சிலர்தான். இன்றைய போனில் எண்ணிக்கைக்கும் எல்லை இல்லை, பார்ப்பவர்களுக்கும் எல்லை இல்லை. எடுத்தபின் நிதானமாக யோசிக்கக் கிடைத்த இடைவெளியும் போய்விட்டது.

உபயதாரரின் வெளிச்சம்

தமிழ்நாட்டுக் கோயில்களில் டியூப் லைட்டின் மேலேயே உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி, கிடைக்கும் வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிடும் வழக்கம் பலருக்கும் தெரிந்தது. தொண்டுப் பயணப் படங்களில் பெரும்பகுதி அப்படித்தான் அமைகிறது. நடுவில் சிரித்த முகத்தோடு தன்னார்வலர். சுற்றிலும் பெயரில்லாத பிள்ளைகள். உதவி கொஞ்சம் நடந்திருக்கும், படத்தில் அதைச் செய்தவரே நிறைந்திருப்பார். 2015 வெள்ளத்தின் போது நிவாரணப் பொட்டலங்களில் ஒட்டப்பட்ட அரசியல் ஸ்டிக்கர்களைச் சென்னை மக்கள் மறக்கவில்லை. அன்று வந்த கோபத்துக்கும் இந்தப் படங்கள் கிளப்பும் சங்கடத்துக்கும் காரணம் ஒன்றே: வாங்குபவரின் நெருக்கடியைக் கொடுப்பவர் தம் விளம்பரமாக ஆக்கிக்கொள்வது.

இதை உரக்கக் கேலி செய்தவர்களில் மாணவர்களும் உண்டு. நார்வே மாணவர்களும் கல்வியாளர்களும் நடத்தும் சாய் என்ற உதவி அமைப்பு, 2012-இல் ஒரு நையாண்டிக் காணொளியை வெளியிட்டது. குளிரில் நடுங்கும் நார்வே மக்களுக்காக ஆப்பிரிக்க இளைஞர்கள் அறை சூடேற்றும் கருவிகளைத் திரட்டி அனுப்புவதாக அதில் காட்சி. ஒரு நாட்டைப் பற்றி ஒரே மாதிரிப் படங்களை மட்டும் காட்டினால் அந்த நாடு எவ்வளவு கோணலாகத் தெரியும் என்பதை அது சிரிக்கவைத்துப் புரியவைத்தது. 2016-இல் பார்பி பொம்மையை ஆப்பிரிக்காவில் தொண்டு செய்பவளாகச் சித்திரித்து இன்ஸ்டாகிராமில் வந்த கேலிப் படங்கள் உலகெங்கும் பரவின. அடுத்த ஆண்டு சாய் அமைப்பு பயணம் போகிறவர்களுக்கான கையேட்டை வெளியிட்டது. அதன் சாரம் நான்கு: படத்தில் இருப்பவரின் மதிப்பைக் காப்பது, விவரம் சொல்லிச் சம்மதம் பெறுவது, எதற்காகப் பகிர்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்வது, பழகிப்போன தவறான எண்ணங்களைக் கலைக்கப் படத்தைப் பயன்படுத்துவது.

எது அன்றாடம்?

பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்கும் ஓட்டேரிக்கும் இடைப்பட்ட வட சென்னையின் புளியந்தோப்பு, பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்களின் பகுதியாக வளர்ந்தது. 1921-இல் அந்த ஆலையின் வேலைநிறுத்தத்தை ஒட்டி இங்கே நடந்த கலவரங்கள் தொழிற்சங்க வரலாற்றிலும் சாதி அரசியல் வரலாற்றிலும் இடம்பெற்றவை. இன்று செய்திகளில் இந்தப் பகுதியின் பெயர் வருவது பெரும்பாலும் மழைக்காலத்தில்தான்: கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கிய நீர், பட்டாளத்தில் இடுப்பளவு வெள்ளம். மற்ற நாள்களில் சினிமாவின் ரவுடிக் கதைகள்.

இங்கே தொண்டு செய்ய வருபவரின் கேமராவும் அந்தச் சட்டகத்தோடுதான் வருகிறது. சாக்கடை, குடிசை, கிழிந்த சட்டை என்று தேடிப்போய் எடுக்கிறது. அதே தெருவின் அன்றாடமோ வேறு. கன்னிகாபுரம் மைதானத்தில் மாலைக் கால்பந்து, ஆட்டிறைச்சிக் கூடமான ஆட்டுத்தொட்டியில் விடிவதற்கு முன்பே தொடங்கும் வேலை, குடங்களோடு தண்ணீர் லாரிக்கு நிற்கும் வரிசையில் நடக்கும் அரட்டை, தெருமுனைக் கேரம் பலகை, இரவில் கேட்கும் கானா. சற்றுத் தள்ளிப் போனால் காசிமேட்டில் மீன் ஏலம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கூட்டம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர். கேரம் பலகையை வறுமையின் பின்னணியாக மட்டும் பார்த்தவர் எடுத்த படத்தில் இந்த ஆட்டக்காரர் தெரிந்திருக்க மாட்டார்.

துன்பத்தை எடுக்கவே கூடாது என்பதல்ல இதன் பொருள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதில் கடலில் எண்ணெய் கொட்டியது. கெட்டியாகக் கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை உறிஞ்ச இயந்திரங்கள் திணறியபோது, மீனவர்களும் கடலோரக் காவல்படையினரும் கல்லூரி மாணவர்களும் வரிசையில் நின்று வாளியால் அள்ளினார்கள். அந்த வாளிப் படங்கள் கசிவின் அளவையும் அரசின் ஆயத்தமின்மையையும் நாடு முழுவதும் தெரியப்படுத்தின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெளியேறி எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும், பாதுகாப்புக் கவசம் இல்லாமல் எண்ணெய் அள்ளிய மீனவர்களின் படங்களும் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்களும் கேள்வி எழுப்பின. இத்தகைய படம் ஒருவரின் இயலாமையைக் காட்டி இரக்கம் தேடுவதில்லை. யார் செய்யாமல் விட்டது என்று பார்ப்பவரைக் கேட்கவைக்கிறது.

கேமரா கைமாறும்போது

தொண்ணூறுகளில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகிய இருவரும் சீனாவின் யுன்னான் மாநிலக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, அவர்கள் வாழ்வை அவர்களே படம்பிடிக்கச் செய்தார்கள். எடுத்தவர்களே தங்கள் படங்களைப் பற்றிப் பேசி, ஊரின் தேவைகளை அதிகாரிகள் முன் வைத்தார்கள். ஃபோட்டோவாய்ஸ் என்ற இந்த முறையைப் பின்னர் உலகின் பல பகுதிகளிலும் கையாண்டார்கள்.

வட சென்னையில் இதற்கு நெருக்கமான முயற்சியைச் செய்திருப்பவர் மதுரை மாவட்டத்திலிருந்து வந்த புகைப்படக் கலைஞர் பழனிகுமார். கையால் மலம் அள்ளும் அவலத்தைப் பற்றி 2017-இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். சாமானியர்களின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்வதற்காக 2014-இல் பத்திரிகையாளர் சாய்நாத் தொடங்கிய பாரி என்ற ஊரக ஆவணக் களத்தில் பணியாற்றுகிறார். 2022-இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை முதலாவதாகப் பெற்றார். தூய்மைப் பணியாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் மீனவப் பிள்ளைகளுக்கும் வட சென்னை இளைஞர்களுக்கும் அவர் படம் எடுக்கக் கற்றுத்தருகிறார். அந்த இளைஞர்களின் படங்கள், 2016 முதல் நடந்துவரும் சென்னை ஃபோட்டோ பியன்னாலேயின் அறக்கட்டளையோடு சேர்ந்து ‘ரீஃப்ரேம்ட்’ என்ற தலைப்பில் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

இவை சொந்த வீட்டையும் அம்மாவின் வேலையையும் எடுத்த படங்கள். எடுத்தவர் நாளைக்கும் அதே தெருவில் நடக்க வேண்டியவர். எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்ற நிதானம் அதிலேயே வந்துவிடுகிறது. சில வாரங்களில் விமானம் ஏறிவிடும் தன்னார்வலருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதை அவர் தாமாகவே விதித்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் முறையும்

2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட அல்லது குற்றத்துக்குச் சாட்சியான குழந்தை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காப்பகங்களில் தொண்டு செய்யும் மாணவர்கள் பிள்ளைகளோடு எடுத்த செல்ஃபியைப் பகிரும்முன் இதை நினைவில் கொள்ள வேண்டும். வட சென்னைக்கே உரிய இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. துறைமுகம், மின் நிலையம் போன்ற சில இடங்கள் தடைசெய்யப்பட்ட பகுதிகள். அங்கே அனுமதியின்றிக் கேமராவைத் தூக்குவது வழக்கில் கொண்டுபோய் விடலாம்.

சட்டம் சொல்லாத இடங்களிலும் சில முறைகள் உதவும். “படம் எடுத்துக்கலாமா அக்கா?” என்று கேட்டுவிட்டு எடுப்பது முதல் படி. எதற்கு, எங்கே போடப்போகிறோம் என்பதைச் சொல்வது அடுத்தது. வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். உதவி வாங்கிக்கொண்டிருப்பவர் வாய்விட்டு மறுக்கத் தயங்குவார் என்பதால், பொருள் கொடுக்கும் நேரத்தில் சம்மதம் கேட்பதே சரியல்ல. பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். சீருடையின் பள்ளிப் பெயர், தெருப் பலகை, படத்தோடு போன் தானாகச் சேர்க்கும் இடக்குறிப்பு ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். மருத்துவமனைப் படுக்கை, சாவு வீடு, குளிக்கும் இடம் ஆகியவை கேமராவுக்கு உரியவை அல்ல.

படத்தின் கீழே எழுதும் இரண்டு வரியும் படத்தின் பகுதிதான். ‘ஏழைக் குழந்தைகளோடு’ என்பது யாரையும் அறிமுகப்படுத்தவில்லை. ஊர், நாள், செய்துகொண்டிருந்த வேலை, அவர் விரும்பினால் அவருடைய பெயர் என்று எழுதினால் பார்ப்பவருக்கு ஒரு மனிதர் கிடைக்கிறார். உள்ளூர் ஆசிரியரும் ஊழியரும் ஆண்டு முழுவதும் செய்த வேலையை, சில வாரம் இருந்தவர் தாம் செய்ததாகக் காட்டாமல் இருப்பதும் நேர்மை. எடுத்த படத்தை அவருக்குக் காட்டி, பிரிண்ட் போட்டு ஒரு பிரதி கொடுப்பதற்கு ஆகும் செலவு ஒரு டீக்கும் பஜ்ஜிக்கும் மேல் போகாது.

வெளிநாடு போகும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் இதே அளவுகோல்தான். புளியந்தோப்பில் தன் வீட்டு வாசலை யாரோ ஒருவர் கேட்காமல் எடுத்துப் போடுவதை ஏற்காதவர், கொழும்பிலோ கெய்ரோவிலோ இன்னொருவர் வாசலில் அதைச் செய்யக்கூடாது. பகிரும் பொத்தானை அழுத்தும்முன், படத்தில் இருப்பவர் பக்கத்தில் நின்று பார்த்தால் தயங்காமல் அழுத்துவோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தயக்கம் வந்தால் அந்தப் படம் போனிலேயே இருக்கட்டும்.