ரைடரை எடை போடுவது எப்படி? நோட்டு கபடிக்கு ஒரு குறிப்பு

புரோ கபடி சீசன் நெருங்கினால் ஆயக்குடியில் நாங்கள் எட்டுப் பேர் ஒரு 80 பக்க நோட்டோடு உட்கார்ந்துவிடுவோம். ஆளுக்கொரு கற்பனை அணி. நிஜ வீரர்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கிற புள்ளிதான் நம் அணிக்கும் புள்ளி. காசு பணம் கிடையாது. கடைசியாக வருகிறவர் எல்லாருக்கும் டீ, வடை வாங்கித் தரணும், அவ்வளவுதான். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளுக்குத் தடை போட்டு நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தபோது பெரிய பெரிய செயலிகள் காசுப் போட்டிகளை நிறுத்தின. எங்கள் நோட்டுக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

இந்த ஆட்டத்தில் முக்கால்வாசி தலையெழுத்து ஒரே கேள்வியில் இருக்கிறது: முதல் ரைடராக யாரை எடுப்பது? வருஷா வருஷம் இதைப் பற்றித்தான் சண்டை. அதனால் நான் பார்க்கிற விஷயங்களை வரிசையாக எழுதி வைக்கிறேன். கடைசியில் சொல்லியிருக்கிற ஒரு விஷயத்துக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காக்காரன் கணக்கு

இப்படி ஆள் பிரித்து ஆடுவதைப் பெரிதாக்கியவர்கள் அமெரிக்கர்கள். 1962-ல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் என்பவர் சிலரோடு சேர்ந்து இதற்கு விதி எழுதினார். அடுத்த வருஷம் முதல் ஆள்பிரிப்பு நடந்தது. அணியின் பெயரே 'ரெய்டர்ஸ்' என்பது நமக்குத் தமாஷான பொருத்தம்.

அங்கே பல காலமாக முதல் சுற்றில் அடித்துப் பிடித்து எடுக்கப்படுகிறவர் 'ரன்னிங் பேக்'. பந்தை வாங்கிக்கொண்டு எதிரணி ஆட்கள் நிற்கிற சுவருக்குள்ளே புகுந்து ஓடுகிறவர். ஒரு அணிக்கு அப்படி முழுப் பாரமும் சுமக்கிற ஆள் பெரும்பாலும் ஒருவர்தான். நம் கபடியில் முதன்மை ரைடர் அதே இடத்தில் இருக்கிறார். ஏழு பேர் நிற்கிற இடத்துக்குத் தனியாகப் போய், தொட்டுவிட்டுத் திரும்பி வரணும். அவர்கள் ரன்னிங் பேக்கை எடை போட வைத்திருக்கிற யோசனைகளில் பாதிக்கு மேல் இங்கேயும் செல்லும்.

1. எத்தனை பேர் இருக்கிறார்கள்?

புரோ கபடியில் 2017 முதல் 12 அணிகள். அணிக்கு ஒரு முதன்மை ரைடர் என்றால் மொத்தம் 12 பேர். எங்கள் நோட்டில் எட்டுப் பேர் ஆளுக்கு இரண்டு ரைடர் எடுக்கணும், ஆக 16 பேர் வேண்டும். நாலு பேர் எப்படியும் இரண்டாம் தர ரைடரோடுதான் சீசனை ஓட்டணும்.

எங்கள் முறை பாம்பு வரிசை. முதல் சுற்று ஒன்றிலிருந்து எட்டு, அடுத்த சுற்று எட்டிலிருந்து ஒன்று. முதலில் எடுத்தவருக்கு அடுத்த வாய்ப்பு 16-ல்தான் வரும். எல்லாரும் ரைடரையே எடுத்துக்கொண்டு போனால் அவர் திரும்பி வரும்போது 12 பேரும் போயிருப்பார்கள். எட்டாவது ஆளுக்கோ எட்டும் ஒன்பதும் அடுத்தடுத்து கிடைக்கும்.

பிடிக்கிற ஆட்களின் கதை வேறு. ஒரே சீசனில் 100 டேக்கிள் புள்ளியை முதலில் தொட்டவர் உ.பி. யோத்தா அணியின் நிதேஷ் குமார், ஆறாவது சீசனில். அவ்வளவு பெரிய சாதனையே ஆட்டத்துக்கு நாலு புள்ளி கணக்குதான். நல்ல கார்னர் ஒருவருக்கும் சுமாரான கார்னருக்கும் இருக்கிற இடைவெளி ஆட்டத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ. ரைடர்களில் அந்த இடைவெளி ஐந்து ஆறு வரை போகும். அதனால் ஒருவர் எவ்வளவு புள்ளி எடுப்பார் என்று மட்டும் பார்க்கக் கூடாது. அவரை விட்டால் அடுத்து கிடைக்கிறவர் எவ்வளவு எடுப்பார் என்றும் பார்த்து, கழித்து வருவதுதான் அவர் விலை.

2. எத்தனை தடவை போகிறார்?

ஆட்டம் 40 நிமிடம், அதாவது 2400 வினாடி. ஒரு ரைடு 30 வினாடி. இரண்டு அணியும் மாறி மாறிப் போனால் ஒரு அணிக்கு ஏறக்குறைய 40 ரைடு. அதில் நம்ம ஆள் எத்தனை போகிறார் என்பதுதான் முதல் எண்.

ஒருவர் 20 ரைடு போய் ரைடுக்கு அரைப் புள்ளி எடுத்தால் 10 புள்ளி. இன்னொருவர் ரைடுக்கு 0.7 எடுக்கிற கெட்டிக்காரர், ஆனால் 10 ரைடுதான் கிடைக்கிறது என்றால் 7. டிவியில் பார்க்கும்போது இரண்டாவது ஆள்தான் பளபளவென்று தெரிவார். நோட்டில் முதல் ஆள்தான் நிற்பார். அமெரிக்கர்கள் இதே காரணத்துக்காகத்தான் 'ஓட்டத்துக்கு எத்தனை கெஜம்' என்பதைவிட 'எத்தனை தடவை பந்து கைக்கு வருது' என்பதை முதலில் பார்க்கிறார்கள்.

3. வெளியே போனால் யார் உள்ளே கொண்டுவருவார்?

இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ரைடர் பிடிபட்டால் வெளியே உட்காரணும். தன் அணி தொட்டோ பிடித்தோ புள்ளி எடுத்தால்தான், அவுட் ஆன வரிசைப்படி ஒவ்வொருவராக உள்ளே வரலாம். போனஸ் புள்ளிக்கு யாரும் திரும்ப உள்ளே வர முடியாது. அணியில் வேறு நல்ல ரைடரும் இல்லை, பிடிக்கவும் ஆள் இல்லை என்றால் உங்கள் நட்சத்திரம் பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடிப்பார். 20 ரைடு போகவேண்டியவர் 12 போவார்.

பவன் ஷெராவத் ஏழாவது சீசனில், 2019-ல், பெங்களூரு புல்ஸுக்காக 24 ஆட்டத்தில் 346 ரைடு புள்ளி எடுத்தார். ஆட்டத்துக்கு 14.4. அதே பவனைப் பத்தாவது சீசனுக்கு தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்து எடுத்தது. அந்த சீசனில் டைட்டன்ஸ் 22 ஆட்டத்தில் ஜெயித்தது இரண்டே இரண்டு. பவன் 200 ரைடு புள்ளியைத் தாண்டினார், ஆனாலும் ஆட்டத்துக்குப் பத்துக்குக் கீழேதான் வந்தது. முழங்கால் காயத்திலிருந்து திரும்பி வந்த சீசன் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். எல்லாப் பாரத்தையும் அணியில் காரணம் காட்டிவிட முடியாது. ஆனால் சுற்றி ஆள் இல்லாத ரைடருக்கு ஒரு உச்சவரம்பு உண்டு.

மறுபக்கமும் இருக்கிறது. இரண்டாவது ரைடர் ரொம்பக் கெட்டிக்காரராக இருந்தால் நம் ஆளின் ரைடைப் பங்கு போட்டுவிடுவார். நான் தேடுவது நடுவில் இருக்கிற அணி: நல்ல பிடிகாரர்கள், சுமாரான இரண்டாவது ரைடர்.

4. புள்ளி எங்கிருந்து வருகிறது?

எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் நின்றால்தான் போனஸ் உண்டு. போனஸை நம்பி வாழ்கிறவருக்கு ஆட்டத்தின் ஆரம்பத்தில் புள்ளி கொட்டும், ஆட்கள் குறைந்தால் வற்றிவிடும். அடுத்து டூ-ஆர்-டை ரைடு. தொடர்ந்து இரண்டு ரைடு வெறுங்கையோடு வந்தால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகணும், இல்லாவிட்டால் அவுட். பல அணிகள் முதன்மை ரைடரைக் காப்பாற்ற வேறொருவரை இதற்கு அனுப்பும். அந்த 'வேறொருவர்' மொத்தக் கணக்கில் மோசமாகத் தெரிவார். கஷ்டமான ரைடு எல்லாம் அவர் தலையில் விழுகிறது, அதனால் அப்படித் தெரிகிறார். அணி மாறி முதன்மை இடம் கிடைத்தால் இவர்கள்தான் திடீரென்று எழுவார்கள். எங்க ஊர் கொய்யாச் சந்தையில் கூடையின் மேல்வரிசையைப் பார்த்து யாரும் விலை பேச மாட்டார்கள், கையை உள்ளே விட்டு அடியில் இருக்கிற காயையும் பார்ப்பார்கள். மொத்தப் புள்ளி என்பது மேல்வரிசை.

5. உடம்பு

2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் பவனை 2.26 கோடிக்கு எடுத்தது. சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி, அத்தோடு அந்த சீசன் முடிந்தது. நம்ம ஊரே தலையில் கை வைத்தது. அப்போதுதான் நரேந்தர் என்ற புதுப் பையன் வந்தார். அறிமுக சீசனிலேயே 243 ரைடு புள்ளி. தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதி வரை போனது.

இதே கதை அமெரிக்காவில் 2018-ல் நடந்தது. பிட்ஸ்பர்க் அணியின் லெவியான் பெல் ஒப்பந்தத் தகராறில் சீசன் முழுக்க ஆடவே வரவில்லை. அவர் இடத்தில் ஓடிய ஜேம்ஸ் கானர் 973 கெஜமும் 12 டச்டவுனும் எடுத்தார். அங்கே இதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. முதன்மை ஆளை எடுத்தவர், கடைசிச் சுற்றில் அவருக்கு மாற்றாக வரக்கூடியவரையும் சேர்த்து எடுத்துக்கொள்வார். 'கைவிலங்கு' என்று பெயர். டெல்லியின் நவீன் குமார் பத்தாவது சீசன் ஆரம்பத்திலேயே காயப்பட்டபோது அஷு மாலிக் எழுந்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கடைசிச் சுற்றில் எப்படியும் நல்லவர் யாரும் மிஞ்சப்போவதில்லை. அந்த இடத்தை இதற்குச் செலவழிப்பதில் நஷ்டம் இல்லை.

6. வயதா, ஓடிய தூரமா?

பர்தீப் நர்வால் 2017-ல் பாட்னாவுக்காக 26 ஆட்டத்தில் 369 ரைடு புள்ளி எடுத்தபோது வயது இருபது. 2021 ஏலத்தில் உ.பி. யோத்தா 1.65 கோடி கொடுத்தது. அந்த எட்டாவது சீசனில் 188 புள்ளி. வயது அப்போதும் 25 தாண்டவில்லை. 2025-ல் 28 வயதில் ஓய்வை அறிவித்துவிட்டார், 1801 ரைடு புள்ளிகளோடு. பிடிகாரர்கள் வேற மாதிரி. நம்ம தர்மராஜ் சேரலாதன் 44 வயதிலும், 2019-ல், புரோ கபடி ஆடினார்.

பிறந்த தேதியைப் பார்ப்பதைவிட எத்தனை ரைடு போயிருக்கிறார் என்று பார்ப்பது நல்லது. கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2019-ல் 287 ஓட்டம், 116 கேட்ச், மொத்தம் 403 தடவை பந்தைக் கையில் எடுத்தார். அடுத்த இரண்டு சீசனில் ஆடியது 3 ஆட்டமும் 7 ஆட்டமும். ஒரு ஆளை வைத்து விதி எழுத முடியாதுதான். 2023-ல் அவரே திரும்பி வந்து லீக்கிலேயே அதிக கெஜம் ஓடினார். ஆனாலும், போன வருஷம் மலையளவு சுமந்தவரைப் போன வருஷ விலைக்கே வாங்காதே என்பது நான் வைத்திருக்கிற விதி. அந்த விலையை எதிரிலே உட்கார்ந்திருக்கிற மாப்ள கொடுக்கட்டும்.

நம்ம கிரவுண்டு

இனி, நான் முன்னால் சொன்ன விஷயம். எங்க பகுதி அணியில் 19 வயசுப் பையன் ஒருத்தன் ரைடு போகிறான். நல்ல கால். பொங்கல் சமயத்து ராத்திரிப் போட்டியில் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் ரைடை எண்ணினேன். ஒரே ராத்திரி, மூன்று ஆட்டம், மேட் இல்லாத மண் தரை. முதல் ஆட்டத்தில் 19 ரைடு, 11 புள்ளி. இரண்டாவதில் 17 ரைடு, 8 புள்ளி. விடியற்காலை மூன்றாவதில் 15 ரைடு, 4 புள்ளி. ரைடுக்கு 0.58 என்று தொடங்கி 0.27-க்கு வந்து நின்றது. கடைசி ஆட்டத்தில் அவன் திரும்பும்போது வலது காலை ஊன்றாமல் இழுத்ததை எல்லாரும் பார்த்தோம்.

கேப்டனிடம் கணக்கைக் காட்டினேன். "அண்ணே, அவன் போகலைன்னா வேற யாரு போறது?" என்றார். நியாயமான கேள்விதான். பதிலும் அதே நோட்டில் இருந்தது. 0.27 எடுக்க இரண்டாவது பையனே போதும். அவனுக்கும் அதற்குக் கீழே போகாது. களைத்தவனை அனுப்புவதால் அணிக்கு லாபம் இல்லை, அவன் முட்டிக்கு மட்டும்தான் செலவு.

இந்தப் பையன் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு முயற்சி பண்ணுகிறான். தமிழ்நாடு அரசு வேலையில் அந்த ஒதுக்கீடு மூன்று சதவீதம். முட்டி ஜவ்வு கிழிந்தால் ஒரு வருஷம் போகும், வீட்டில் ஆபரேஷனுக்குக் கடன் வாங்கணும், செலக்ஷனும் போகும். பவனுக்கு அடிபட்டபோது பின்னால் அணியும் மருத்துவர்களும் இருந்தார்கள். இவனுக்குப் பின்னால் ஒரு ஐஸ் கட்டியும் அவங்கம்மாவும்தான்.

பேசிப் பேசி, ஆட்டத்துக்கு 12 ரைடு, டூ-ஆர்-டை எல்லாம் இரண்டாவது பையன், ராத்திரிக்கு இரண்டு ஆட்டத்துக்கு மேல் இவன் இல்லை என்று முடிவாகியிருக்கிறது. அடுத்து நடந்த போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றோம். கேப்டன் என்னை முறைத்தார். பையன் மறுநாள் காலையில் ஓடப் போனான்.