மூடியைத் தேடி வந்த லாரி

கிள்ளானுக்கு வெளியே, தோட்டத்தை விற்ற பிறகு மிஞ்சிய கம்பத்தில் இருக்கிறோம். பட்டணத்தில் இருப்பதுபோலத் தெருவுக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் இங்கே கிடையாது. வீட்டுக்கொரு செப்டிக் டேங்க், அதை விட்டால் கால்வாய்.

பக்கத்து வீட்டுக்குச் சேறு உறிஞ்சும் லாரி வந்தது. குழாயை இழுத்துக்கொண்டு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிய தம்பி, "மூடி எங்கக்கா?" என்றார். மூடி சமையலறைக்கு அடியில்! முன்பு குடியிருந்தவர் தொட்டியின் மேலேயே சமையலறையை இழுத்துக் கட்டி, டைல்ஸும் ஒட்டிவிட்டார். தரையை உடைத்து, சிமெண்டு மூடியைக் கடப்பாரையால் நெம்பினால் தண்ணீரே கண்ணில் படவில்லை. கறுத்துத் தடித்த ஏடு. அதில் புதைந்து ஈரத் துடைதாளும் பிள்ளைகளின் டயாப்பரும். வெளியேறும் பக்கத்து 'டி' குழாய் முறிந்து கிடந்தது. ஆண்டுக்கணக்கில் மலம் அப்படியே கால்வாய்க்குப் போயிருக்கிறது. கக்கூஸ் ஒருநாளும் அடைக்காததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடைக்காது, அதுதான் ஆபத்து. செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். உள்ளே வருகிற அளவு வெளியே போய்விடும். கனமானது அடியில் படியும், கொழுப்பு மேலே மிதக்கும், இடையில் தெளிந்த நீர் 'டி' குழாய் வழியே வெளியேறும். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அடிச்சேற்றைத் தின்று குறைக்கும், ஆனால் தீர்த்துவிடாது. சேறு ஏற ஏற நீர் தங்கிப் படியும் இடம் சுருங்கும். நல்ல நிலையில் உள்ள தொட்டிகூட அம்மோனியாவை நீக்காமல் விட்டுவிடுகிறது. பழைய வீடுகளில் அடுப்படித் தண்ணீர் தொட்டிக்கே வராமல் நேரே கால்வாயில் விழுவது தனிக்கதை.

1994-இல் கழிவுநீர்ச் சேவை நிறுவனமான இண்டா வாட்டர் பொறுப்பேற்ற பிறகு, தொட்டிகளை முறைவைத்துக் காலி செய்ய லாரி வந்தது. 2006-ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டம் 2008 ஜனவரியில் நடப்புக்கு வந்ததும் அது வீட்டுக்காரர் பொறுப்பாகிவிட்டது. கூப்பிட்டவர்கள் மிகக் குறைவு. கண்ணுக்குத் தெரியாத சேற்றுக்காக யார் போன் எடுப்பார்? அந்த முறையை விட்டது தவறு என்றே நினைக்கிறேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சேறு எடுத்தே ஆகவேண்டும்.

இதற்கு நேர்மாறாக, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொஞ்ச தூரத்தில், பந்தாயில், சுமார் 14 லட்சம் பேரின் கழிவுக்கு ஈடுகொடுக்கும் சுத்திகரிப்பு நிலையம் நிலத்தடியில் இயங்குகிறது. முன்பு திறந்த குளங்கள் இருந்த இடம்; இன்று மேலே பூங்கா. அங்கே அம்மோனியாவையும் குறைத்துத்தான் நீரைக் கிள்ளான் ஆற்றில் விடுகிறார்கள். அதே ஆறு எங்கள் ஊர் வழியாகக் கடலுக்குப் போகிறது. அவ்வளவு செலவழித்துத் துப்புரவாக்கிய நீரோடு, ஊர்க் கால்வாய்கள் கொண்டுவரும் அழுக்கும் கலக்கிறது. எனக்கு மனம் ஆறவில்லை.

தொட்டிக்குள் குளோராக்ஸை வாளி வாளியாக ஊற்றாதீர்கள். வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதோ இறங்குவதோ கூடவே கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு நொடியில் ஆளைச் சாய்க்கும். தூக்கிவிடப் போனவரும் சேர்ந்து விழுவார். தீபாவளிக்கு வீட்டை இழுத்துக் கட்டுகிறவர்கள், கொத்தனாருக்கு முதலில் தொட்டி இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். லாரிக் குழாய் வந்து சேர ஒரு சந்தாவது விடச் சொல்லுங்கள்.