கியர் சைக்கிளுக்கு பை வாங்கப் போறீங்களா? ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் ஆபத்து!

சேலம்,

சேலம், நாமக்கல் பக்கம் கியர் சைக்கிள் இப்போது வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடவில்லை. தறிப் பட்டறை, சேகோ ஆலை, லாரி பாடி கட்டும் பட்டறை என்று வேலைக்குப் போகிறவர்களும் அதை ஓட்டுகிறார்கள். வாரம் ஆறு நாள் வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலைக்கு என்று ஒரே சைக்கிளை வைத்து சமாளிக்கிற இளைஞர்களும் உண்டு.

ஆனால் இந்த சைக்கிளில் ஒரு குறை இருக்கிறது. பழைய சைக்கிளில் இருக்கும் கேரியர், பெரும்பாலான கியர் சைக்கிள்களில் கிடையாது. டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், பம்பு, மழைக்கோட்டு இதையெல்லாம் எங்கே வைப்பது? பலரும் ஒரு பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கிட்டு கிளம்பிவிடுகிறார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முன்சக்கரத்தில் சிக்கினால்...

ஹேண்டில்பாரில் தொங்கும் பை சும்மா இருக்காது. ரோட்டில் ஒரு குழி வந்தால் ஆடும். வளைவில் திரும்பினால் சக்கரத்துப் பக்கம் போகும். பையின் காதோ, கீழ் மூலையோ ஸ்போக் கம்பிக்குள் நுழைந்துவிட்டால் சக்கரம் அதை இழுத்துக்கொண்டு போய் ஃபோர்க்கில் இறுக்கிவிடும். முன்சக்கரம் ஒரே நொடியில் நின்றுபோகும். சக்கரம் நின்றாலும் ஓட்டுகிறவர் உடம்பு அதே வேகத்தில் முன்னால் போகும். பின்சக்கரம் தூக்கிக்கொள்ள, ஆள் தலைகுப்புற விழ வேண்டியதுதான். பிரேக் பிடித்து சுதாரிக்கக்கூட நேரம் கிடைக்காது.

சமவெளி ரோட்டிலேயே இந்தக் கதி என்றால் மலை ரோட்டில் கேட்கவே வேண்டாம். சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு காரவள்ளி அடிவாரத்தில் இருந்து ஏறினால் 70 வளைவுகள். ஏறும்போது வேகம் இல்லை, பயம் இல்லை. இறங்கும்போதுதான் ஒவ்வொரு வளைவிலும் ஹேண்டில்பார் முழுசாக நம் கைக்கு அடங்கி இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பக்கமாக 2 கிலோ பை தொங்கினால் சைக்கிள் அந்தப் பக்கமே இழுக்கும்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டம் வந்தது. துணிப்பை கைக்கு வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் மஞ்சப்பை ஆனாலும் சரி, ஒயர் கூடை ஆனாலும் சரி, ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் ஆபத்து ஒன்றுதான்.

பால்காரர் கணக்கு

சைக்கிளில் பாரம் ஏற்றுவது எப்படி என்று தெரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டாம். ஊர்ப் பால்காரரின் சைக்கிளைப் பார்த்தாலே போதும். கேன்களை இரண்டு பக்கமும் சமமாக மாட்டியிருப்பார். பின்சக்கரத்தை ஒட்டி தாழ்வாகத் தொங்கும். ஹேண்டில்பாரில் எடை அதிகம் ஏற்ற மாட்டார். அதனால்தான் அவ்வளவு பாலோடு சந்து பொந்தெல்லாம் நுழைந்து வருகிறார்.

பாரம் தாழ்வாக இருக்கணும், இரண்டு பக்கமும் சமமாக இருக்கணும், ஆடாமல் இருக்கணும். பை வாங்கும்போது இந்த மூன்றையும் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

எந்தப் பை யாருக்கு?

சீட்டுக்கு அடியில் மாட்டும் சின்னப் பை: ஸ்பேர் டியூப், பஞ்சர் சாமான், கொஞ்சம் பணம் வைக்கலாம். எல்லோருக்கும் இது ஒன்று இருந்தால் நல்லது. டிபன் பாக்ஸுக்கு ஆகாது.

நடு ஃப்ரேமில் மாட்டும் முக்கோணப் பை: மலை ஏறுகிறவர்களுக்கு இதுதான் சரி. பம்பு, தண்ணீர், மழைக்கோட்டு போன்ற கனமான சாமான் எல்லாம் சைக்கிளின் நடுவில் தாழ்வாக உட்கார்ந்துகொள்ளும். ஆட்டம் இருக்காது.

பின்னால் கேரியர் போட்டு இரண்டு பக்கமும் மாட்டும் பை: தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது. சாப்பாடு, மாற்றுத்துணி, வரும்போது காய்கறி எல்லாம் அடங்கும். கேரியரை நட்டு போட்டு மாட்ட ஃப்ரேமில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சீட் குழாயில் மட்டும் கவ்விப் பிடிக்கும் கேரியரில் அதிக எடை வைத்தால் சறுக்கி இறங்கிவிடும்.

ஹேண்டில்பாரில் வார் போட்டு இறுக்கிக் கட்டும் பை: தொங்கும் பையைவிட இது பரவாயில்லை. ஆனால் மழைக்கோட்டு மாதிரி எடை இல்லாத சாமானுக்கு மட்டும்தான். பிரேக் ஒயர், கியர் ஒயரை அமுக்கக் கூடாது. முன்னால் ஷாக் அப்சார்பர் உள்ள சைக்கிளில், ஃபோர்க் அமுங்கும்போது பை டயரில் உரசுகிறதா என்று அமுக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

முதுகில் மாட்டும் பை சின்ன தூரத்துக்கு ஓகே. சேலம் வெயிலில் 10 கிலோமீட்டர் ஓட்டினால் முதுகு முழுக்க வியர்வைதான். தோளும் வலிக்கும்.

அளவு எடுக்காமல் போகாதீங்க!

கடையில் பார்க்க அழகாக இருக்கிற பை நம் சைக்கிளில் உட்காரணும் என்று கட்டாயம் இல்லை. ஒரு பழைய பேப்பரை ஃப்ரேமின் நடுவில் ஒட்டி, அதே முக்கோண வடிவத்தில் வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். பையின் தடிமன் நாலு விரல் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் பெடல் மிதிக்கும்போது முழங்கால் உரசும்.

சீட் பைக்கு வேறு கணக்கு. சீட்டுக்கும் பின்டயருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று பார்க்கணும். பின்னாலும் ஷாக் உள்ள சைக்கிள் என்றால், ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு இன்னொருவரை விட்டு அளக்கச் சொல்ல வேண்டும். உட்கார்ந்ததும் அந்த இடம் குறைந்துவிடும்.

ஜிப்பில்தான் தண்ணீர் நுழையும்

‘வாட்டர் புரூஃப்’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். துணியில் தண்ணீர் இறங்காவிட்டாலும் ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் இறங்கும். ஜிப்புக்கு மேல் மூடி இருக்கிறதா, உள்பக்கத் தையலில் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வாயைச் சுருட்டி மூடும் பை மழைக்கு இன்னும் நல்லது. எந்தப் பையானாலும் அக்டோபர், நவம்பர் அடைமழையில் செல்போனை தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பதே புத்திசாலித்தனம்.

சைக்கிளில் பிடிக்கும் பட்டைகளையும் இழுத்துப் பார்க்கணும். வெல்க்ரோவில் தூசி ஏறினால் பிடிப்பு போய்விடும். கூடவே ஒரு பக்கிள் வார் இருந்தால் கவலை இல்லை.

கடையில் சரியான அளவு கிடைக்கவில்லையா? நாமக்கல் லாரி பாடி கட்டும் ஊர். தார்ப்பாய் தைக்கிறவர்கள், லாரி சீட்டுக்கு ரெக்சின் தைக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். வெட்டிய பேப்பர் அளவைக் கொடுத்தால் அதே வடிவத்தில் தைத்து வாங்கலாம். லாரி சரக்கை மழையில் காப்பாற்றும் துணி, சைக்கிள் சாமானைக் காப்பாற்றாதா என்ன?

பைக்குள் என்ன இருக்கணும்?

மலை ரோட்டில் நடுவழியில் பஞ்சர் ஆனால் தள்ளிக்கொண்டுதான் வரணும். ஒரு ஸ்பேர் டியூப், டயர் கழட்டும் லீவர் இரண்டு, ஒட்டு போடும் சாமான், சின்ன பம்பு, அலன் கீ செட் கட்டாயம். டியூப் வாங்கும்போது டயர் ஓரத்தில் 26, 27.5, 29 என்று எந்த எண் இருக்கிறதோ அதையே கேட்டு வாங்கணும். கியர் சைக்கிள் டியூபில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வுதான். பெட்ரோல் பங்க்கிலேயே காற்று பிடிக்கலாம். டயர் ஓரத்தில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது.

திறந்த சொல்யூஷன் டியூப் நாளாக ஆகக் காய்ந்துபோகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஷிஃப்ட் போகிறவர்களுக்கு...

சேலம் - நாமக்கல் தேசிய நெடுஞ்சாலையில் இரவில் லாரிகள் வரிசை கட்டிப் போகும். பின்னால் வரும் டிரைவருக்கு சைக்கிள் இருப்பதைக் காட்டுவது பின்பக்கத்து சிவப்பு விளக்கும் ரிஃப்ளெக்டரும்தான். கறுப்புப் பை ஒன்றை வாங்கி அதன் மேல் மூடிவிட்டால் சைக்கிள் இருட்டோடு இருட்டாகிவிடும். பை மாட்டியதும் பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். விளக்கு தெரியவில்லை என்றால் பையின் மேலேயே ஒரு விளக்கை மாட்டி, ரிஃப்ளெக்டர் பட்டையும் ஒட்டிவிடணும்.

கிளம்பும் முன் ஒரு நிமிஷம்

பையில் சாமானைப் போட்டு மாட்டிய பிறகு சைக்கிளைத் தூக்கி இரண்டு சக்கரத்தையும் சுற்றிவிடுங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். பின் ஒரு சாண் உயரத்தில் இருந்து கீழே போடுங்கள். எங்கேயும் உரசல் சத்தம் வரக் கூடாது. தொங்குகிற வார் நுனி, பழைய டியூபை வெட்டிக் கட்டிய ரப்பரின் மிச்சம், கயிற்று முனை எதுவாக இருந்தாலும் உள்ளே மடித்துச் செருகிவிடுங்கள். அதுதான் ஸ்போக்கிலும் செயினிலும் முதலில் சிக்கும்.

பை புதுசா, பழசா, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். சக்கரத்தை எட்டாத பையாக இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.