காஞ்சிபுரத்திற்குக் கடல் உண்டா?

எங்கள் வகுப்பில் ஒரு நாள் பொது அறிவுப் போட்டி நடந்தது. "தாய்லாந்து நாட்டின் எல்லைகள் யாவை?" என்று சிஸ்டர் கேட்டதுதான் தாமதம், மேற்கே மியான்மர், வடகிழக்கே லாவோஸ், தென்கிழக்கே கம்போடியா, தெற்கே மலேசியா என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டோம். அடுத்த கேள்வி, "காஞ்சிபுரம் மாவட்டத்தின் கிழக்கு எல்லை எது?" வகுப்பில் பாதிப்பேர் எழுந்து "வங்காள விரிகுடா" என்றோம். "மாமல்லபுரம் நம் மாவட்டம்தானே சிஸ்டர், அங்கே கடல் இருக்கிறதே?" என்று ஒருத்தி வாதாடவும் செய்தாள். சிஸ்டர் சிரித்தார்கள். விடை தவறு. பாங்காக்கைப் பற்றித் தெரிந்த எங்களுக்குப் பாலாற்றைப் பற்றித் தெரியவில்லையே என்ற வெட்கத்தில் தேடிப் படித்ததையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கடல் எங்கே போயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறோம். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. அப்போது மாமல்லபுரமும் கோவளமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. 2019 நவம்பர் 29ஆம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமானது. கடற்கரை முழுவதும் அதனுடன் போய்விட்டது. இப்போது நம் மாவட்டத்திற்கு வடக்கே திருவள்ளூர், வடகிழக்கே சென்னை, கிழக்கிலும் தெற்கிலும் செங்கல்பட்டு, தென்மேற்கே திருவண்ணாமலை, மேற்கே ராணிப்பேட்டை மாவட்டங்கள் எல்லையாக உள்ளன. காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என வட்டங்கள் ஐந்து. மதுராந்தகம் ஏரியும், அதைக் காத்ததாகச் சொல்லப்படும் ஏரி காத்த இராமரும்கூட அந்தப் பக்கம் போய்விட்டார்கள்!

ஆனால் இவை தாளில் போட்ட கோடுகள். காஞ்சியிலிருந்து சிறிது தொலைவில் உள்ள தூசி மாமண்டூர் ஏரி திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. நம் பாலாறு பிறப்பதோ வேறு மாநிலத்தில். நிலத்தின் சாய்வையும் மழையின் வழியையும் பார்த்தால்தான் நம் ஊரின் உண்மையான எல்லைகள் விளங்கும்.

காஞ்சிபுரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 83 மீட்டர் உயரத்தில், வட அட்சரேகை 12 பாகை 50 கலைக்கு அருகில் அமைந்துள்ளது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சாய்கிறது. சைக்கிளில் போகிறவர்களுக்குக் கூடத் தெரியாத சாய்வு! மலை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அங்கங்கே கரடுகளும் பாறைக் குன்றுகளும் உண்டு. மண்ணுக்கு அடியில் மிகப் பழமையான கடினப் பாறை இருக்கிறது. அதில் ஒரு வகைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார் வைத்த பெயர் இது. அந்தக் கல்லே நம் பல்லாவரப் பக்கத்திலிருந்து போனது என்று கருதுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் இதற்கு மாறாகப் படிவுப் பாறைகள் உள்ளன. அவற்றில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய செடிகளின் அச்சுகள் கிடைத்துள்ளன. பாலாற்றின் இரு கரைகளிலும் வண்டல் மண்ணும் மணலும்.

இனிச் சீதோஷ்ண நிலை. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இந்த நாட்டின் மண் வளமானது, விளைச்சல் மிகுதி, ஆனால் வெப்பம் அதிகம் என்று குறித்து வைத்தார். இன்றும் அதில் மாற்றமில்லை. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்டு 19 வாக்கிலும் வருகிறது. அன்று நண்பகலில் கொடிக்கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருங்கிவிடும். ஆனால் உச்ச வெயில் அதற்குப் பிறகு, மே மாதக் கத்திரியில்தான். அடுப்பை மூட்டியவுடன் பானை கொதிப்பதில்லை அல்லவா? நிலமும் அப்படியே சூட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு காய்கிறது. அந்நாட்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. சென்னைக்குப் பிற்பகலில் வரும் கடற்காற்று நமக்கு வந்து சேர மாலையாகும். சில நாட்களில் வராமலே போகும். மார்கழி, தை மாத இரவுகளில் 20 டிகிரி அளவுக்குக் குளிரும்.

பாங்காக் நகரமும் ஏறத்தாழ நமது அட்சரேகையில்தான் இருக்கிறது. ஆயினும் அங்கே மழை உச்சமடைவது செப்டம்பரில். நவம்பரில் வானம் தெளிந்துவிடும். நமக்கோ நவம்பர்தான் பெருமழை மாதம். காரணம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஜூனில் வரும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியைக் கேரளத்திலும் மலைச்சரிவிலும் கொட்டிவிட்டு, நம்மிடம் வரும்போது வறண்டுவிடுகிறது. மாலை நேர இடி மழைதான் நமக்கு மிச்சம். அக்டோபரில் காற்று திரும்பி, வங்கக் கடலைக் கடந்து, ஈரத்தோடு வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆண்டில் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அதுவும் நாள்தோறும் அளந்து பெய்வதில்லை. ஒரு புயலோ தாழ்வு மண்டலமோ வந்தால் நான்கு நாட்களில் கொட்டித் தீர்க்கும், வராவிட்டால் ஏமாற்றம். 2015 டிசம்பர் முதல் தேதியன்று செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் மழை பதிவானது. அதைத் தொடர்ந்து அடையாற்றில் வந்த வெள்ளம் சென்னையை என்ன செய்தது என்பதை வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

இந்தச் சீதோஷ்ணத்திற்கும் பட்டுக்கும் உள்ள உறவை நாங்கள் முன்பு எண்ணிப் பார்த்ததில்லை. பட்டுக்குப் பெயர் பெற்ற ஊரில் பட்டுப்புழு ஏன் இல்லை? பட்டுப்புழு வெயில் தாங்காது. 23 முதல் 28 டிகிரி வரை உள்ள இதமான வெப்பமே அதற்கு உகந்தது. ஆகவே கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரமுள்ள கர்நாடகப் பீடபூமியில், சிக்கபள்ளாப்பூர், கோலார் பகுதிகளில் அது வளர்கிறது. நம் பாலாறு பிறக்கும் நந்தி மலையும் அந்தப் பகுதியிலேதான் இருக்கிறது! நூல் அங்கிருந்து தவறாமல் வந்து சேர்கிறது; ஆற்று நீர்தான் வருவதில்லை.

எங்கள் தோழியரில் பலர் தறி வீட்டுப் பெண்கள். பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருவின் நீளத்திற்குப் பாவை விரித்துக் கஞ்சி தடவிக் காயவைப்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. ஏறிவிட்டால் இழை முறியும். தூறல் விழுந்தால் பாவு கெடும். ஐப்பசி, கார்த்திகையில் சாயம் போட்ட நூல் உலராது. தரையடி நீர் உயர்ந்து தறிக்குழியில் ஊறிவிட்டால், நீரை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் நெய்யாத சேலைக்குக் கூலி ஏது? "மழை வேண்டும் என்று ஜெபிக்கவும் பயம், வேண்டாம் என்று ஜெபிக்கவும் பயம்" என்று ஒரு தோழி சொன்னது எங்கள் மனத்தில் தைத்தது. ஏனெனில் சாயம் போடத் தண்ணீர் வேண்டும், குடிக்கவும் வேண்டும்.

கொட்டுகிற மழையைக் கடினப் பாறை நிலம் உறிஞ்சாது. சாய்ந்த நிலம் அதைக் கடலுக்கு அனுப்பிவிடும். முன்னோர் இதற்குக் கண்ட உபாயமே ஏரி. சாய்வுக்குக் குறுக்கே பிறை வடிவில் ஒரு கரை. நீர் வர வரத்துக்கால், வயலுக்குத் திறக்க மதகு, மிஞ்சினால் வழிய கலங்கல். மேல் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் கீழ் ஏரிக்கு வரத்து. இப்படி ஏரிகள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. மேலே ஒரு கால்வாயைத் தூர்த்து வீடு கட்டினால் கீழே மூன்று ஏரிகள் காயும். பெருமழையில் அந்த வீட்டுக்குள்ளேயே நீர் புகும். நீர்வளத்துறையின் பொறுப்பில் மட்டும் நம் மாவட்டத்தில் 381 ஏரிகள் உள்ளன. ஊராட்சிகளின் சிற்றேரிகளும் கோயில் குளங்களும் வேறு.

தென்னேரி என்று நாம் சொல்வது திரையன் ஏரி. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வர். மாமண்டூரில் உள்ளது மகேந்திரவர்மன் காலத்துச் சித்திரமேக தடாகம். உத்திரமேரூர் ஏரியின் பழைய பெயர் வைரமேக தடாகம். குடவோலைத் தேர்தலுக்காக அவ்வூர்க் கல்வெட்டைப் பாடத்தில் படிக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்து அந்த ஏற்பாட்டில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்தது என்பதை மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். ஏரியைக் கவனிக்கத் தேர்தல் நடத்திய ஊர் அது!

இந்தப் பழக்கம் கடல் கடந்தும் போயிருக்கிறது. தாய்லாந்தின் தென்பகுதியில் தக்குவாபா என்னும் இடத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்கே வெட்டப்பட்ட ஒரு குளத்தின் பெயர் அவனி நாரணம். அவனி நாராயணன் என்பது காஞ்சியை ஆண்ட மூன்றாம் நந்திவர்மனின் பட்டம். அந்தக் குளம் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரின் காவலில் விடப்பட்டது. தக்குவாபா தென்மேற்குப் பருவக்காற்றை நேராக எதிர்கொள்ளும் கரை. நம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல் மழை பெய்யும் இடம். அங்கே போயும் நம்மவர்கள் குளம் வெட்டாமல் இருக்க முடியவில்லை போலும்!

ஏரிகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டோம். ஆறுகளைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நகரை ஒட்டி ஓடும் வேகவதிக்கு வேகத்தால் வந்த பெயர். அவள் சீறி வந்தபோது பெருமாளே குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தார் என்பது திருவெஃகாக் கோயில் வரலாறு. ஏகாம்பரநாதர் கோயிலிலும் கம்பை நதி பெருகி வந்த கதை உண்டு. கதையை நம்புகிறவரும் நம்பாதவரும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: வெள்ளத்தைக் கண்டு அஞ்சிய ஊர்தான் இப்படிக் கதை சொல்லும். இன்று வேகவதியின் கரைகளை ஆக்கிரமிப்புகள் நெருக்குகின்றன. பல இடங்களில் ஓடுவது சாக்கடை நீர். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அதைக் கடக்கிறோம்.

பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222 தமிழ்நாட்டில். வேகவதியும் செய்யாறும் பாலாற்றுடன் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று இருந்ததைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஆறு இறுதியில் கல்பாக்கத்திற்கு அருகே வாயலூரில் கடலில் கலக்கிறது. மேல் மாநிலங்கள் நீரைத் தேக்குவது பற்றிய பேச்சு புதிதல்ல. 1892ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணமும் மைசூர் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறும் இடம்பெற்றது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு குறித்து 1996ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு அளித்தது.

ஆனால் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது மணல். பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மேலே நீர் இராது. மணலுக்கு அடியில் இருக்கும். மணிகளுக்கு இடையே உள்ள இடுக்குகளில் மழைநீர் தங்கி, வெயில் படாமல், மெல்ல நகர்கிறது. அந்நாளில் ஆற்றில் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு நீர் கொண்டுபோனார்கள். நம் நகரக் குழாய்களுக்கு நீர் தரும் கிணறுகளும் ஓரிக்கை, திருப்பாற்கடல் ஆற்றுப்படுகையில் உள்ளவையே. அப்படியானால் மணலை அள்ளுவது பானையிலிருந்து தண்ணீரை எடுப்பது அன்று, பானையையே எடுத்துப் போவதாகும். மழை திரும்பி வரும். மணல் அவ்வளவு எளிதில் திரும்பி வராது. அள்ளிய மணலில் கட்டிய வீடுகளில்தான் நாங்களும் குடியிருக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

2021 நவம்பரில் ஆறு நிறைந்தது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பெய்த மழை, மூன்று மாநிலத்து எல்லைகளையும் கேட்காமல் கரை முட்ட வந்தது. நாங்கள் அப்போது சிறுமிகள். செவிலிமேட்டுப் பாலத்தில் ஊரே திரண்டு நின்றது. எங்களைத் தூக்கிக் காட்டிய பெரியவர்கள் இத்தனை தண்ணீரைப் பார்த்துப் பல ஆண்டுகளாயிற்று என்றார்கள். சிலர் பூவும் மஞ்சளும் தூவினார்கள். செம்மண் கலந்த நீர் பாலத்தின் கால்களில் மோதிச் சுழன்று கிழக்கே போயிற்று. கடல் எந்தப் பக்கம் என்று ஒருத்தி கேட்டதற்கு, அவள் பாட்டி தண்ணீர் போகும் திசையைக் காட்டினார்.