கிராஃப் காட்டும் வளர்ச்சி உண்மையா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினேன். விற்பனைக்கான பார் சார்ட்டில், அந்த ஆண்டின் பார் முந்தைய ஆண்டைப் போல் இரு மடங்கு உயரம். அதை நம்பி, சேமிப்பில் ஒரு பகுதியைப் பங்குகளில் போட்டேன். பிறகுதான் பார்களின் மேலிருந்த எண்களைக் கவனித்தேன். 500 கோடி, 525 கோடி. வளர்ச்சி 5 சதவீதம்தான்!

காரணம், செங்குத்து அச்சு 0-வில் தொடங்காமல் 475-ல் தொடங்கியிருந்தது. எனவே பார்களின் உயரம் 25, 50 என்றாகிவிட்டது. இத்தகைய ஏமாற்றை அளக்க எட்வர்ட் டஃப்டி 1983-ல் 'லை ஃபேக்டர்' என்ற கணக்கைத் தந்தார். படம் காட்டும் மாற்றத்தை உண்மையான மாற்றத்தால் வகுக்க வேண்டும். விடை 1-ஐ ஒட்டி இருந்தால் படம் நேர்மையானது. இங்கு 100-ஐ 5-ஆல் வகுத்தால் 20!

எல்லாரும் வேண்டுமென்றே இப்படிச் செய்வதில்லை. எண்களுக்கிடையே வேறுபாடு சிறிதாக இருந்தால், எக்ஸெல் தானாகவே அச்சை 0-க்கு மேல் தொடங்கிவிடும். நீங்களே சோதித்துப் பாருங்கள். இந்த இரு எண்களையும் டைப் செய்து காலம் சார்ட் போடுங்கள். செங்குத்து அச்சில் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் ஆக்சிஸ் தேர்ந்தெடுங்கள். மினிமம் கட்டத்தில் 0 கொடுத்து என்டர் தட்டுங்கள். பார்கள் கிட்டத்தட்ட சம உயரத்திற்கு வந்துவிடும்.

ஆடிட்டரின் சான்று நிதிக் கணக்குகளுக்குத்தான். முன்பக்கத்துக் கலர் கிராஃப்களுக்கு அல்ல. எனவே இப்போதெல்லாம் அச்சின் அடியில் உள்ள எண்ணைப் பார்த்த பிறகே பார்களைப் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.