பின் அக்சிலை மாற்றுமுன்

சிறிய பிக்கப்பில் மூட்டைகளை அடுக்கினால் பாரத்தின் பெரும்பகுதி பின் அக்சிலிலேயே இறங்கும். குண்டும் குழியுமான பாதையில் இப்படியே ஓடினால் டிபரன்ஷலின் பற்கள் தேயும். ஒருநாள் அக்சில் கம்பி முறியும். அப்போது கராஜில் சொல்லப்படும் யோசனை, "பெரிய வண்டியின் அக்சிலைக் கழற்றிப் பூட்டுவோம்" என்பதாகும். ஆகக்கூடிய காரியந்தான். ஆனால், மீளக்குடியேறிய குடும்பமொன்று கடன்பட்டு வாங்கிய வண்டியென்றால், காசைக் கொடுக்குமுன் இதனால் கிடைப்பது எது, கிடைக்காதது எது என்று அறிந்துகொள்வது நல்லது.

இவ்வேலை பரவலாகச் செய்யப்படும் நாடு அமெரிக்கா. போர்ட் கம்பனியின் ரேஞ்சர் என்னும் சிறு பிக்கப் அங்கே 1983 மொடல் முதல் 2011 மொடல் வரை வந்தது. (ஆசியாவில் 1998 முதல் 2011 வரை அதே பெயரில் ஓடியது மஸ்டாவை ஒட்டிய வேறு வண்டி, இந்த அளவுகள் அதற்குப் பொருந்தா.) அமெரிக்க ரேஞ்சர்கள் பலவற்றில் பின் டிபரன்ஷலின் கிரவுண் வீல் 7.5 அங்குலம். அதே கம்பனியின் எக்ஸ்புளோரரில் 8.8 அங்குலம். அக்சில் கம்பியின் தடிப்பும் சுமார் 30 மில்லிமீற்றரிலிருந்து 33 ஆகிறது. மூன்று மில்லிமீற்றர்தானே என்று எண்ண வேண்டாம். முறுக்கைத் தாங்கும் வலு தடிப்பின் முப்படியாக ஏறுவதால் மூன்றிலொரு பங்கு கூடிவிடுகிறது. சில்லுப் பூட்டும் ஐந்து ஆணிகளின் வட்டம் இரண்டிலும் ஒன்றே, 114.3 மில்லிமீற்றர். ஆகவே பழைய சில்லுகளே பொருந்தும்.

மற்றவை அவ்வளவு இலகுவல்ல. ரேஞ்சரில் வில்லுத்தகடு அக்சிலுக்கு மேலே இருக்கிறது, எக்ஸ்புளோரரில் கீழே. எனவே தகடு அமரும் இருக்கைகளை வெட்டியெடுத்து, மறுபக்கத்தில் புதியவற்றை வெல்டிங் செய்ய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் முதலில் பொட்டுப்பொட்டாக ஒட்டி, வண்டியின் பாரத்தை வில்லில் இறக்கி, டிபரன்ஷல் மூக்கின் கோணத்தைச் சரிபார்த்த பின்னரே முழுதாக ஒட்டுவர். கோணம் பிழைத்தால் புரொப்பெலர் ஷாஃப்ட் அதிர்ந்து மூட்டுகளைத் தின்றுவிடும். ஒரேயடியாகச் சூடாக்கினால் அக்சில் குழாயே வளையும். வெல்டிங்கில் கைதேர்ந்தவர் இல்லையென்றால் இவ்வேலையைத் தொடாமலிருப்பதே மேல்.

நான்கு சில்லிலும் இழுக்கும் வண்டியானால் முன், பின் டிபரன்ஷல்களின் பல் விகிதம் ஒன்றாயிருக்க வேண்டும். பிரேக்கையும் மறக்கலாகாது. 1995க்குப் பிந்திய எக்ஸ்புளோரரின் பின்புறம் டிஸ்க் பிரேக். முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் சமநிலை குலைந்தால், வெறும் வண்டி ஈரத் தெருவில் பின் சில்லுப் பூட்டிச் சுழலும்.

இவ்வளவும் செய்தாலும் வண்டி ஏற்றக்கூடிய பாரம் கூடிவிடாது. சட்டகம், வில்லு, ரயர், முன் பிரேக் யாவும் பழையவைதாமே. இன்னொன்று: இவ்விரு அக்சில்களிலும் கம்பியை உள்ளே பிடித்திருப்பது வாய் திறந்த சிறு வளையம் ஒன்றுதான். கம்பி முறிந்தால் சில்லும் அதனோடு வெளியே வந்துவிடக்கூடும். பார லொறிகளில் சில்லின் குடம் குழாயின்மேலேயே அமர்ந்திருக்கும். கம்பி சுழற்ற மட்டுமே. கம்பி முறிந்தாலும் சில்லு நிற்கும். மூட்டைகளை இரண்டு நடையாக ஏற்றுவதற்கு ஆகும் எண்ணெய்ச் செலவை, முறிந்த அக்சிலின் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த வண்டிக்கேனும் பழைய அக்சில் வாங்குவதாயின் டிபரன்ஷல் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் வெள்ளத்தில் ஓடி நீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துகள் மின்னினாலோ, சில்லுப்பக்கம் எண்ணெய் கசிந்திருந்தாலோ, கையால் சுழற்றும்போது கரகரத்தாலோ அதை வாங்காதீர்கள்.