மலத்தை அடக்க முடியவில்லையா? மறைக்க வேண்டாம்



ஜமாஅத் தொழுகையைத் தவறவிடாத பெரியவர் ஒருவர் திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். கல்யாண விருந்துக்கும் போவதில்லை. தன்னை அறியாமல் மலம் கசிகிறது என்பதைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்ல அவருக்குக் கூச்சம். பிரசவத்துக்குப் பின் இதே கஷ்டத்தை மறைத்து வாழும் தாய்மார்களும் உண்டு.

இது வெட்கப்படும் விஷயம் அல்ல, நோய். ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத் தசையோ அதை இயக்கும் நரம்போ பாதிக்கப்பட்டால் இப்படி ஆகலாம். கடினமான பிரசவம், நெடுநாள் சர்க்கரை நோய், பவுத்திர ஆபரேஷன், பக்கவாதம், முதுகுத்தண்டில் அடி ஆகியவை காரணமாகலாம். முதியவர்களுக்கு மலச்சிக்கலாலும் வரும். இறுகிய மலம் அடைத்துக்கொள்ள, அதன் ஓரமாக நீர்போல் கசியும். இதைப் பேதி என்று நினைத்து நாமே மாத்திரை கொடுத்தால் அடைப்பு கூடிவிடும்.

செயற்கை வால்வு பொருத்தினால் சரியாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கருவியில் ஆசனவாயைச் சுற்றி நீர் நிரம்பிய ஒரு பட்டை, வயிற்றுக்குள் ஒரு பலூன், தோலுக்கடியில் ஒரு சிறு பம்ப் இருக்கும். பம்பை அமுக்கினால் நீர் பலூனுக்குப் போய் வழி திறக்கும். சில நிமிடங்களில் தானாக மூடிக்கொள்ளும். டென்மார்க் மருத்துவர்கள் 1987 இல் இம்முறையை அறிவித்தனர். அமெரிக்கா 2001 இல் அனுமதித்தது. பலர் பலன் பெற்றனர். ஆனால் கிருமித் தொற்றாலும், பட்டை சதையை அரித்ததாலும் பலருக்கு அதை எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் இன்று அது அரிதாகிவிட்டது.

ஆகவே அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை. உணவு மாற்றம், மருத்துவர் தரும் மாத்திரை, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி ஆகியவற்றிலேயே பலருக்குக் குறைந்துவிடும். தேவைப்பட்டால் கிழிந்த தசையைத் தைக்கலாம்; நரம்பைத் தூண்டும் சிறு கருவி வைக்கலாம். முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ, உடல் மெலிந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

தொழுகையை விட்டுவிடவும் வேண்டாம். தொடர்ந்து கசிவு உள்ளவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, உளூச் செய்து தொழலாம். விவரத்தை உங்கள் ஆலிமிடம் தனியே கேளுங்கள்.

பிள்ளைகளே, வாப்பா உம்மாவிடம் நீங்களே மெதுவாகக் கேளுங்கள். அல்லாஹ் அனைவருக்கும் ஷிஃபா அளிப்பானாக, ஆமீன்.